கைப்பிடி இல்லை

கணபதி ஃபவுண்டரி ஆபீஸ். ராத்திரி பத்தரை.
நாற்பத்தோரு கைப்பம்புக்கான படிவம் மேசைமேல்.
வேலை செய்கிறது. செய்யவில்லை.
ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால்
ஜெனீவாவில் யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

இருபத்தாறாவது பம்பில் நிற்கிறேன்,
மூன்று வாரமாக.

சார்ஜா போய், அப்புறம் சின்ன விமானம்,
அப்புறம் வெள்ளை ஜீப்,
முன்னும் பின்னும் துப்பாக்கி.
நாங்கள் வார்த்த பம்புதான். பச்சைப் பெயின்ட்டில்
ஊர்ப்பேர் பாதி உரிந்திருந்தது.
கைப்பிடியைத்தான் காணோம்.

திருடிவிட்டார்களா என்றேன்.
லுவால் மொழிபெயர்த்தான். பெண்கள் சிரித்தார்கள்.
அச்சோல் என்பவள் குடிசைக்குள் போய்
போர்வையில் சுற்றி இடுப்பில் இருத்தித்
தூக்கி வந்தாள் பதினாலு கிலோவை,
பால் மறக்காத பிள்ளையைப் போல.
மடியில் இரண்டு ஸ்பேனர்.

கைப்பிடி இருந்தால் பட்டாளம் வரும்.
எந்தப் பட்டாளம்?
தோளைக் குலுக்கினாள்.
தண்ணீர் கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பான்.
அடித்தால், இறைக்க எங்களைக் கூப்பிடுவான்.
இறைக்க மட்டுமா.
அதனால் விடியுமுன் மாட்டுவோம், இறைப்போம், கழற்றுவோம்.
அவன் கண்ணுக்கு இது செத்த பம்பு.

எங்கப்பன் ஞாபகம் வந்தது.
அன்னூர்ப் பக்கம் கூட்டுக் கிணறு, மூன்று பங்கு.
தன் முறை முடிந்ததும்
மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி
டவுசர் பையில் போட்டுக்கொண்டு
கல்யாணப் பந்தியில் பங்காளிக்கு எதிரே உட்கார்ந்து
ரசம் கேட்பார்.
அது வீம்பு.
இதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

செய்யவில்லை என்று எழுதினால்
புதுக் கைப்பிடி போகும்,
யாரும் கழற்றாதபடி வெல்டு வைத்து.
செய்கிறது என்றால் போட்டோ கேட்பார்கள்:
கைப்பிடியோடு, தேதியோடு, இடம் காட்டும் எண்களோடு.
அந்த எண்கள் எத்தனை கை மாறுமோ.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
கட்டைவிரல் அகலம்.

மத்தியானம் முதலாளி எட்டிப் பார்த்தார்.
"ஏந்தம்பி, எச்சா ஒரு நாப்பது கைப்பிடி
கேப்பாங்களாட்டத் தெரியுதா?
இப்பவே வார்த்து வெச்சரலாமா?"
நல்ல மனுசன். வட்டி ஏறிக் கிடக்கிறது அவருக்கு.
பாக்கறேனுங்க என்றேன்.

இப்போது கீழே நைட் ஷிஃப்ட்.
உலையைத் திறந்திருக்கிறார்கள்; கூரைத் தகரமெல்லாம் சிவப்பு.
இறங்கிப் போனேன்.
வெல்டர் ஒடிசாப் பையன். அவன் பாஷை எனக்கு வராது,
என் பாஷை அவனுக்குப் பாதி.
கையால் சொன்னேன்: கழற்று, ஒளித்துவை, மாட்டு.
அவன் சிரித்தான்,
அந்தப் பெண்கள் சிரித்த மாதிரியே.
புரிந்து சிரித்தானா, தெரியாது.
முகமூடியை இறக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.

இருபத்தேழு: வேலை செய்கிறது.
இருபத்தெட்டு: வாஷர் தேய்மானம்.
இருபத்தாறு இன்னும் காலி.
நாளைச் சாயங்காலம் கடைசித் தேதி.