பிரசவ இடம்

பிக்மி நம்பர் போட்டாயிற்று.
அடுத்த கட்டம்: பிரசவ இடம்.
கிராம நர்ஸ் சரோஜாபாய் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
"தக்கலையா, ஆசாரிபள்ளமா?" என்றாள்.
"வீடு" என்றேன்.
பேனாவை மூடினாள்.
பையைத் துழாவிப் பென்சில் எடுத்து எழுதினாள்,
அழிக்க வசதியாக.

"படிச்ச பிள்ளதானே நீ?"

படித்தவள்தான். முதல் பிரசவத்தில்
படித்தவர்கள் நடுவில்தான் கிடந்தேன்.
இரண்டு காலையும் கம்பியில் தூக்கி வைத்து
தொடையில் ஓர் அடி போட்டு
"அன்னைக்கு இனிச்சுதுல்லா, இப்ப எதுக்கு கத்துக?"
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
தையல் ஆறிவிட்டது.
அந்தச் சிரிப்புக்கு ஜெனிஷாவின் வயது,
ஐந்து முடிந்து ஆறு.

எப்சிபாயை நான் தேர்ந்தெடுத்தது
கைராசி கேட்டு அல்ல.
முதல் நாளே முகத்துக்கு நேரே சொன்னாள்:
"ரத்தம் பத்துக்குக் கீழ போனா வரமாட்டேன்.
பிரஷர் ஏறினா வரமாட்டேன்.
பிள்ள குறுக்க கிடந்தா வரமாட்டேன்.
பாதியில நான் போலாம்னு சொன்னா
ஏன்னு கேக்காம ஆட்டோவுல ஏறணும்."
இத்தனை மாட்டேன் சொன்னவளை
எப்படி நம்பாமல் இருப்பது?

பதினேழு வருஷம் லேபர் வார்டில் நின்றவள்.
ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை.
வயிற்றைத் தொடும் முன்
"வைக்கட்டா?" என்பாள், ஒவ்வொரு தரமும்.
நான் தலையாட்டும்வரை
அவள் கை காற்றில் நிற்கும்.

எட்டாம் மாதம் முழுக்க
என்னை விட்டுவிட்டு ரயில்வே கேட்டைப் பரிசோதித்தாள்.
காலை ஒருதரம், உச்சிவெயிலில் ஒருதரம், ராத்திரி பதினொன்றுக்கு ஒருதரம்
ஸ்கூட்டரில் தக்கலைக்குப் போய் வந்தாள்.
கேட் திறந்திருந்தால் பதினெட்டு நிமிஷம்.
அடைத்திருந்தால் முப்பத்தொன்று.
குளத்தங்கரை வழியாகச் சுற்றினால் இருபத்தைந்து,
சேறு இல்லையென்றால்.
டைரியில் 'சேறு' என்ற சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு.

சோபனராஜ் ரப்பர் வெட்டுகிறவன்.
நெற்றி லைட்டை சார்ஜில் போட்டு வைப்பது அவன் பொறுப்பு.
"வெந்நீ எதுக்கு?" என்று கேட்டான்.
"நீ சாயா குடிக்க" என்றாள்.

மஸ்கட்டிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.
"ஏதாவது ஆச்சுண்ணா ஆரு பதில் சொல்லுவா?"
என்னிடம் பதில் இல்லை.
இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லியிருந்தார்கள்.
அந்தக் கேள்வியும்
என்னோடு இடப்பக்கமே திரும்பிப் படுத்தது.

ஐப்பசி. சாயங்காலமே கரண்ட் போயிற்று.
முற்றத்தில் அருள்தாஸின் ஆட்டோ,
தக்கலைப் பக்கம் மூக்கைத் திருப்பி.
எப்சிபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.
இடையிடையே வந்து
பிள்ளையின் இதயத்தைக் கேட்பாள், எனக்கும் கேட்க வைப்பாள்,
திரும்பப் போய் உட்காருவாள்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு
இத்தனை கவனம் வேண்டுமென்று எனக்குத் தெரியாது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குந்தினேன்.
கத்தினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் உரக்கக் கத்தினேன்,
எனக்கே புரியாத ஒரு கணக்கைத் தீர்ப்பதுபோல்.
தோட்டத்துக்கு அப்பால் ஒரு நாய் மட்டும் பதில் சொன்னது.

மூன்றே முக்கால்.
வழக்கமாய் மரத்தின் முன் நிற்கும் நேரம்
சோபனராஜ் நெற்றி லைட்டோடு
என் முன்னால் நின்றான்.
வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.
"தலையை ஆட்டாத மக்கா" என்றாள் எப்சிபாய்,
"எனக்கு நிறம் பாக்கணும்."
நீலமாய் வந்தான்.
அழுதபின் சிவந்தான்.

விடிந்ததும் அருள்தாஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.
ஓடாத ஓட்டத்துக்கு
வெயிட்டிங் மட்டும் முந்நூறு, எண்ணி வாங்கினான்.
"மூணரையில இருந்து கேட்டு அடச்சுக் கிடந்துதாம்.
கூட்ஸ் வண்டி நடுவுல நின்னுபோச்சு."

அறையில் யாரும் பேசவில்லை.
பிள்ளை பால் குடிக்கும் சத்தம்.
எப்சிபாய் டைரியைத் திறந்து
அதையும் எழுதிக்கொண்டாள்.