படகு என்ற ஊரிலிருந்து

எங்கள் ஊரின் பெயர் வூச்.
எங்கள் மொழியில் படகு என்று பொருள்.
நகராட்சி முத்திரையில் ஒரு படகு,
என் சீருடைத் தோளில் ஒரு படகு,
மிதக்கத்தான் தண்ணீர் இல்லை.
இருந்த ஆறுகளையும் நெசவாலைக் காலத்தில்
தெருவுக்கடியில் புதைத்துவிட்டார்கள்.
அவற்றின் மேல் நான் டிராம் ஓட்டுகிறேன்,
பதினேழு ஆண்டாக.

நாற்பத்தோரு வயதில் கடல் பார்த்ததில்லை என்றால்
பணிமனையில் யாரும் நம்புவதில்லை.
முதலில் பணமில்லை, பிறகு நேரமில்லை,
பிறகு காலினா பிறந்தாள்,
பிறகு அவள் அப்பா போனார்.
அலை ஓய்ந்து தலைமுழுகலாம் என்றிருந்தேன்,
அலை எப்படியிருக்கும் என்றே தெரியாமல்.

ஜூனில் நற்கருணைத் திருநாள்.
எந்த ஆண்டும் அது வியாழன்தான்.
வெள்ளியை மட்டும் யாரிடமாவது பிடுங்கினால்
நான்கு நாள் கைக்கு வரும்.
அந்த வெள்ளி இரேனெயூஷிடம் இருந்தது.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவை நீ ஓட்டு என்றான்,
தாடியைச் சொறிந்துகொண்டே, கூசாமல்.
சரி என்றேன்.
எதிர்பாராத விருந்தாளிக்கென்று அன்றிரவு
மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்போம்.
இந்த ஆண்டு அது எனக்கு.

அன்றிலிருந்து சமையலறை மேசையில்
கிதான்ஸ்க் விரிந்து கிடக்கிறது.
ரொட்டித்தூள் சிந்திய இடம் துறைமுகம்.
தேநீர்க் கோப்பை வட்டம் போட்ட இடத்தில்
எங்கள் அறை: நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை,
கடல் தெரியாது, ஆனால் கேட்குமாம்.
அந்தக் "கேட்குமாம்" என்பதற்கு
இரவுக்கு நாற்பது ஸ்லோட்டி அதிகம்.
என் சேமிப்பு எப்போதுமே
கடலில் கரைத்த பெருங்காயம்.
இந்த முறை கடலாவது நிஜக் கடல்.

காலினா பட்டியல் போடுகிறாள்:
அம்பர் பொறுக்க இரண்டு டப்பா.
ஒன்று போதாதா?
போதாது, இன்னொன்று
அம்பர் மாதிரி இருப்பதற்கு.

என் பட்டியல் என் தொழிலைப் போல.
6.42 ரயில். 10.50 இறங்குதல்.
11.20 பெட்டி வைத்தல். 11.55 மீன்.
சனிக்கிழமை காலை ஒன்பதுவரை வந்து
பேனா நின்றுவிட்டது.
கடலுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது?
பார்த்து முடித்ததும் என்ன செய்வார்கள்?
இதை யாரிடம் போய்க் கேட்பது.
இருபது என்று எழுதி, அடித்து,
நாற்பது என்று எழுதி, அடித்து,
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
என் கையெழுத்தில் முதல் காலிக் கட்டம்.
மாடி விளிம்பில் நின்றதுபோல
உள்ளங்கால் கூசியது.

நேற்று வானிலை அறிக்கை வந்தது.
நான்கு நாளும் மழை. வடமேற்குக் காற்று.
பகலில் பதினான்கு டிகிரி.
லுத்கா, வெள்ளியைத் திருப்பித் தருகிறாயா
என்று கேட்டான் இரேனெயூஷ்.
அவன் முகத்தில் கருணைகூட இருந்தது.
வீட்டில் சொன்னேன்.
கடல் ஏற்கெனவே நனைந்துதானே இருக்கும்
என்றாள் காலினா, தலை தூக்காமல்.
தள்ளுபடியில் மஞ்சள் மழைக்கோட்டு இரண்டு வாங்கினோம்.
ஒன்றின் ஜிப் பாதி வழியில் நின்றுபோகும்.
அது என்னுடையது.

அந்த ஊரில் டிராம் கடற்கரைவரை போகிறதாம்.
கடைசி நிறுத்தத்தில் இறங்கி
மணலைப் பார்த்து நடந்தால் போதுமாம்.
டிக்கெட் வாங்கி, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால்
முன்னிருக்கையில் உட்காரப் போகிறேன்.
ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடும், தெரியும்.
காலினா மடியில் காலி டப்பாக்கள் கடகடக்கும்.
ஜன்னலில் மழை.

இறங்க வேண்டுமென்றால் மணியை அழுத்த வேண்டும்.
அது எந்தக் கம்பியில் இருக்கிறதென்று
முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.
இத்தனை ஆண்டும் நான் அதைக்
கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.