ஒரே இழுப்பறை

பன்னிரண்டு நாற்பதுக்கு நீ எழுந்து போகிறாய்.
நாற்காலி சூடாறுவதற்குள் நான் வந்து உட்கார்கிறேன்.
நடுவில் இருபது நிமிஷம் என்பது
அட்டவணையில் மட்டும்தான்.
வாசலில் உன் நாற்பத்து மூன்று பேர் வெளியே,
என் நாற்பத்தாறு பேர் உள்ளே.
பூட்ஸைப் பூட்ஸ் மிதிக்கும் அந்த நெரிசலில்
தொப்பிக்கும் மஃப்ளருக்கும் இடையே
இரண்டு விரற்கடை அளவுக்கு
உன் முகம் பார்த்திருக்கிறேன், சோல்மோன்.

ஒரு மேஜை, ஒரு கரும்பலகை நமக்கு.
உன் எழுத்துகளை அழித்துவிட்டு
என் எழுத்துகளை எழுதுகிறேன்.
அதே எழுத்துகள்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உலான்பாத்தரின் புகை
ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறது,
பதிவேட்டில் பேர் இல்லாமல்
தினமும் வரும் ஒரு பையனைப் போல.

போன வாரம் அமைச்சகத்திலிருந்து ஒரு படிவம்.
‘கடந்த பதினைந்து நாட்களில் எத்தனை முறை
களைப்பாக, எரிச்சலாக, பயனற்றவராக உணர்ந்தீர்கள்?’
எல்லாவற்றுக்கும் ‘சில சமயம்’ என்று டிக் போட்டேன்.
அதற்கு அடுத்த கட்டத்துக்குப் பேனா போகவில்லை.
தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்ப வேண்டும்.
கடைசிக் கேள்வி:
மன அழுத்தத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?
பதிலுக்கு ஒரே ஒரு கோடு.
‘நடைப்பயிற்சி’ என்று எழுதினேன்.
இந்த ஊரில். ஜனவரியில்.

எழுதாதது இது:
மூன்றாவது பாடவேளை முடிந்ததும்
கோட்டுகள் தொங்கும் அறைக்குப் போவேன்.
யாருடையது என்று பார்ப்பதில்லை,
ஏதோ ஒன்றில் முகம் புதைத்து
நாற்பது வரை எண்ணுவேன்.
கரிப்புகை, ஆட்டுக் கொழுப்பு, ஈரக் கம்பளி.
மலைச்சரிவுக் கூடாரங்களின் அடுப்பெல்லாம்
அந்த ஆணிகளில் தொங்கும்.
முப்பத்தொன்றில் எப்படியும்
யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள்,
மூக்கில் ரத்தம் என்றோ
ரப்பர் திருட்டுப் போனது என்றோ.

செவ்வாய்க்கிழமை
எர்மூன் மூன்றாம் தடவையாகப் பென்சிலைக் கீழே போட்டான்.
அவ்வளவுதான். ஒரு பென்சில்.
என் வாயிலிருந்து வந்தது யார் குரலென்று
எனக்கே தெரியவில்லை.
பிறகு ஓர் அமைதி.
செப்டம்பரிலிருந்து நான் கெஞ்சிக் கேட்ட அதே அமைதி.
கிடைத்தபோது
எங்கே வைப்பதென்று தெரியவில்லை அதை.
“பக்‌ஷா, விரல் விறைக்குது” என்றான்.
ஜன்னலோர வரிசை.
அங்கே உட்காரவைத்ததும் நான்தான்.

சாயங்காலம் காவல்காரர்
வராந்தா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வர,
பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன்:
‘இன்று கத்திவிட்டேன்.’
பேர் போடவில்லை.
இழுப்பறைக்குள், உன் இருமல் மிட்டாய்ப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன்.
நீ பார்த்துவிடக் கூடாது என்று கொஞ்சம்,
பார்த்துவிட வேண்டும் என்று கொஞ்சம்.

மறுநாளும் நாற்காலி சூடாகத்தான் இருந்தது.
அதே தாள், பொட்டலத்துக்கு மேலே.
அவசரத்தில் சாய்ந்த உன் கையெழுத்து:
‘நான் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியும்.
அந்த ஜன்னலில் காற்று வருகிறது, அடைத்திருக்கிறேன்.
மிட்டாய் எடுத்துக்கொள்.
கறுப்பு மட்டும் வேண்டாம், வேப்பங்காய் தோற்கும்’
என்று நம் மொழியில் வேப்பமரம் ஏது,
நீ எழுதியது ‘பித்தப்பை போல’ என்று.

ஜன்னல் இடுக்கில்
குதிகால் தேய்ந்த ஒரு கோடு போட்ட சாக்ஸ்.
உன்னுடையதாக இருக்கும். இல்லை, உன் கணவருடையதோ.
உனக்குக் கணவர் உண்டா என்று
எனக்குத் தெரியாது.

கறுப்பைத்தான் எடுத்தேன்.
நீ சொன்னதைவிட மோசம்.
வாய் முழுக்க அந்தக் கசப்பு இருந்ததால்
பென்சில் மறுபடி விழுந்தபோது
ஒன்றும் சொல்ல முடியவில்லை.
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.