சாம்பல் நிறச் சுவிட்ச்

சார்ஜர் வாங்கப் போனவன் நான்.
சியுதாத் தெல் எஸ்தே, நாலாவது மாடி,
ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மின்விசிறிக்குக் கீழே
லிப்ராதா.
பெயருக்குப் பொருள் விடுபட்டவள் என்றாள்,
கடை வாடகைக்கு டாலரை எண்ணிக்கொண்டே.

சன்னலில் பாலம். பாலத்தில்
தலைக்கு மேல் பெட்டிகளோடு
பிரேசிலுக்கு நடக்கிறவர்கள்.

பைக் டாக்சி ஓட்டும் தெர்லிஸ்
ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். உள்ளிருந்து ஒரு போன்.
நியூயார்க் பக்கம் வீடு துடைக்கும் அக்கா
முப்பத்தாறு தவணை கட்டி முடித்து
ஊருக்கு அனுப்பியது.
"கடன் இல்லை, ரசீது இருக்கிறது"
என்று அதையும் வைத்தான். மடிப்பில் கிழிந்திருந்தது.

ஆன் செய்தால்
முதலில் கண் விழிப்பது கம்பெனியின் சின்னம்.
பதினொரு வினாடி நின்று நிதானமாகப் போகிறது,
வாடகைக்கு விட்டதைச்
சுற்றிப் பார்க்க வந்த வீட்டுக்காரர் மாதிரி.
பின்னாலேயே அவர் குடிவைத்த
பதினேழு செயலிகள்.
காலி பண்ணச் சொல்ல
அவற்றில் பொத்தானே இல்லை.

சிம் பூட்டு இரண்டு நாளில் திறந்தது,
ஒன்றரை லட்சம் குவரானி.
"இது வெறும் வாசல் கேட்" என்றாள் லிப்ராதா.
"உள்ளே இன்னொன்று. பூட்லோடர்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை,
என் காதில் அந்தச் சொல்
பூட்டை முதலில் போட்டுவிட்டுத்தான்
மீதியைச் சொல்கிறது.

அமைப்புகளுக்குள் போய் ஓர் எண்ணை
ஏழு தடவை தட்டினாள்.
நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர், என்றது போன்.
"அம்மாவிடம் சொல்ல வேண்டும்" என்றான் தெர்லிஸ்.
புதிதாய்த் திறந்த பட்டியலில்
வேண்டிய ஒரே சுவிட்ச் மட்டும்
சாம்பல் பூசிக் கிடந்தது.
தொட்டால் நகராது. ஏன் என்றும் சொல்லாது.
செத்திருந்தால்கூடப் பரவாயில்லை,
கேட்டுக்கொண்டே பேசாமல் இருக்கிறது.

கேபிள். கறுப்புத் திரை. வெள்ளைப் பொடி எழுத்து:
அனுமதி இல்லை.
மறுபடி.
அனுமதி இல்லை.

சிப்புக்குள் முடியைவிட மெல்லிய இழை ஒன்றை
ஆலையிலேயே எரித்துவிடுகிறார்கள் என்றாள்,
எரிந்ததை ஒட்ட ஊசி கிடையாது.
"ரூட் பண்ணித் தா என்கிறாய், வேர்வரை போக.
செடி உன்னுடையது, சரி.
தொட்டி அவர்களுடையது தம்பி."

கடைசியாக ஒரு வழி: மூடியைக் கழற்றி
பலகையில் ஒரு புள்ளியைச் சாமணத்தால் தொட்டு
அது திகைக்கும் கணத்தில் உள்ளே நுழைவது.
பலித்தால் இருப்பதெல்லாம் அழியும்.
"என்ன வைத்திருக்கிறாய்?"
"ஒன்றுமில்லை. எல்லாம் அக்காவுடையது."

பிரதி எடுக்க லேப்டாப்பில் இறக்கினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
துடைப்பதற்கு முன் ஒரு குளியலறை,
துடைத்த பின் அதே குளியலறை.
அடுப்பு, முன். அடுப்பு, பின்.
படிக்கட்டு. யாருடைய நாயோ, அதன் மெத்தை.
கூலி கைக்கு வருமுன்
முதலாளிக்கு அனுப்ப வேண்டிய சாட்சிகள்.
ஒன்றிலும் அவள் இல்லை.
ஒரு குழாயின் பளபளப்பில் மட்டும்
நீண்டு வளைந்த மஞ்சள் கையுறை.

தெரெரேக் குவளை தெர்லிஸ் கையிலேயே நின்றுவிட்டது.
அடுத்தது என் முறை. நான் கேட்கவில்லை.

சாமணம் மூன்று முறை தொட்டது.
போன் திகைக்கவில்லை.
லிப்ராதா திருகாணிகளைத் திருப்பிப் போட்டாள்,
ஒன்று மிஞ்சியது,
தேடி அதற்கும் இடம் கண்டுபிடித்தாள்.
"கேட்டுக்கு மட்டும் கொடு. இதற்கு வேண்டாம்."

ஆன் செய்தான்.
சின்னம் எழும் இடத்தில்
கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு
குவரானி மொழியில் எண்ணினான்
பதினொன்று வரை.
விரலை எடுத்தபோது கண்ணாடியில் ரேகை,
ஈரமாக.

"பாலம்வரை போகிறேன், வருகிறீர்களா?"
பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது
சார்ஜர்.