மணல்

செத்தது நூற்று நாற்பத்து மூன்று.
எண்ணி முடிக்க முற்பகல் ஆயிற்று.
சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்ததில்
இரண்டு முறை எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து.

உத்திராபதி தன் நாற்றங்காலுக்குத்தான் மருந்தடித்தான்.
கோரையாற்றுக் கரை தாண்டி
என் வாத்துகள் ராத்திரியில் இறங்குமென்று
அவனுக்கு யார் சொன்னது?
கூப்பிடாமலே பஞ்சாயத்துக்கு வந்து நின்றான்,
கையில் இன்னும் மருந்து வாடை.
"தெரியாதுங்க."

அந்த ஒரு சொல்
மதகுப் பலகைபோல் எனக்குள் இறங்கியது.
வெள்ளம் நின்றது.
பலகைக்கு அடியில் கசிவது நிற்கவில்லை.

ரெத்தினவேலு கதை வேறு.
போன ஐப்பசியில்
நொய்யில் குருணை மருந்து கலந்து
என் பட்டி வாசலில் தூவிவிட்டுப் போனவன்.
வாத்துகள் தின்றன. முட்டை இட்டன.
மூன்றாம் நாள் நீடாமங்கலம் கடைக்கே போய்
"ஒண்ணுகூட சாவல, காசத் திருப்பிக் குடு" என்று
சண்டை பிடித்திருக்கிறான்.
சாயம் ஏற்றிய மணலாம் அது.
ஊரே சிரித்தது. நானும்தான்.
அபராதம்: கோயிலுக்கு ஒரு டின் நல்லெண்ணெய்.

இன்று உத்திராபதிக்கு என்ன என்று
என்னையே கேட்டார்கள்.
தலைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவன் பிணம் எண்ணுகிறவன்.
மற்றவன், "நெனச்சா செஞ்சான்?" என்று மட்டும் கேட்பவன்,
எப்போதும் சன்னக் குரல்.
ஈ மொய்க்கிற இரைச்சலில்
அவன் கேட்டது எனக்கு எட்டவில்லை.
"இருபதாயிரம்" என்றது என் வாய்.

உத்திராபதி தலையாட்டினான்.
பேரம் பேசவில்லை.
பேசியிருந்தால்
அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

காலிப் பட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வலையின் தெற்கு மூலை அவிழ்ந்து கிடந்தது.
அந்த முடிச்சு நான் போட்டது.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

முதல் தவணை இரண்டாயிரம்
மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.
அவள் எதிரில் எண்ணக் கை வரவில்லை,
அப்படியே மடித்து வைத்தேன்.
என்னைக் கண்டால் இப்போது
வரப்பு மாறி நடக்கிறான் உத்திராபதி.
உள்ளுக்குள் எனக்கும் அதுதான் சௌகரியம்.

நேற்று டீக்கடையில்
"பாவம்ப்பா உன் வாத்துங்க" என்று
எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான் ரெத்தினவேலு.
தூவியதும் அதே வலது கைதான்.
கடையில் ஏமாற்றாமல் இருந்திருந்தால்
போன ஐப்பசியிலேயே எண்ணியிருப்பேன்.
ஆனாலும் கோபம் வருகிறதா என்று
தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

குடித்துவிட்டேன்.
கடைசி மடக்கில்
சர்க்கரையோ மணலோ,
நாக்கில் நெருடியது.