எட்டு மில்லிமீட்டர்

கஜிக்குக்குப் பகல் ஷிஃப்ட், எனக்கு ராத்திரி.
ஒரே அறை, ஒரே கட்டில்,
ஒரே கன்ட்ரோலர்.
ஈசாஃப்யோர்துரில் ஜனவரி என்றால்
சூரியன் மலைக்குப் பின்னால் வந்து
மலைக்குப் பின்னாலேயே போய்விடும்.
இப்போது பகலா இரவா என்று
மீன் ஆலையின் வருகை அட்டைதான் சொல்லும்.

இருவரும் ஒன்றாக விழித்திருப்பது
படிக்கட்டில் நாலு நிமிடம்.
அவன் போலந்துக்காரன், நான் லித்துவேனியா.
நடுவில் கொஞ்சம் ஒடிந்த ஆங்கிலம்.
"பால் தீர்ந்துவிட்டது."
"ஹீட்டர் சத்தம் போடுகிறது."

கன்ட்ரோலரின் வலது குச்சியில்
ஒரு ரப்பர் தொப்பி மாட்டி வைத்திருப்பான்.
உயரமான காளான் மாதிரி,
கருஞ்சிவப்பு, குழிந்த தலை,
விளிம்பில் தேய்ந்துபோன பற்கள்.
தினமும் காலையில் அதைப் பிடுங்கி
டிவிக்குக் கீழே வைப்பேன்,
அடுத்தவர் பல்செட்டை நகர்த்துவதுபோல
இரண்டே விரலால்.
மாலையில் அவன் மறுபடி மாட்டுவான்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஒருநாள் அலுப்பு. கழற்றவில்லை.
துப்பாக்கி என் சொல் கேட்கவில்லை.
வெடுக்கென்று நான் திருப்புகிற இடத்தில்
யோசித்து யோசித்துத் திரும்பியது.
கிட்டே வந்தவனிடம் மூன்று முறை செத்தேன்.
நான்காம் முறை
பாலத்தின் மறுமுனையில் எள்ளளவு ஒரு தலை.
குச்சி உயர்ந்தால் விரல் நெடுந்தூரம் நடக்க வேண்டும்,
விரல் நடக்க நடக்கக் குறி இம்மியாய் நகரும்.
மயிரிழை என்று சும்மா சொல்கிறோமே,
அன்றைக்குத்தான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது.
போன மார்ச், தலை வெட்டும் எந்திரம்,
காட் மீன்களோடு சேர்த்து
அவன் வலது கட்டைவிரலின் நுனி.
நகம் இருந்த இடத்தில் இப்போது
வழவழவென்று ஒரு மேடு.
ஸ்கேலை எடுத்துத் தொப்பியை அளந்தேன்: எட்டு மில்லிமீட்டர்.
என் விரலையும் வைத்துப் பார்த்தேன்,
பார்த்துவிட்டு
ஸ்கேலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அவன் சேமித்த ஆட்டத்தைத் திறந்ததும் தப்புதான்.
அறுபது மணி நேரம் ஆடியிருக்கிறான்,
கொன்றது பதினொரு பேர்.
கலங்கரை விளக்கத்தின் உச்சியில்
துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு
நிற்கிறான் அவன் வீரன்.
எதிரே கடல். அங்கே வெயில்.
அந்தக் குச்சியால் இவன் செய்ததெல்லாம் இதுதான்போல:
தொடுவானத்தை இடமிருந்து வலமாக,
தளும்பத் தளும்ப ஊற்றிய கோப்பையைத்
தூக்கிக்கொண்டு நடப்பதுபோல
சிந்தாமல் திருப்பிப் பார்ப்பது.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.

பிப்ரவரியில் தொப்பி தொலைந்தது.
என் கைங்கரியம்தான்.
ஒருவனைக் குத்துவதற்காகக் குச்சியை அழுத்த
தெறித்துப் போய் விழுந்தது
ஹீட்டருக்கும் சுவருக்கும் நடுவே.
கரண்டி, ஹேங்கர், கெட்ட வார்த்தை,
எதற்கும் வரவில்லை.
புதிது வர ஒன்பது நாள்,
அதுவும் கணவாய்ச் சாலை திறந்திருந்தால்.

மீன் எண்ணெய் பாட்டிலின் மூடிகள் இரண்டு,
ஒன்றின்மேல் ஒன்று.
மின்சார டேப் நாலு சுற்று.
மேலே போர்த்த, வழுக்காமலிருக்க,
என் நீலக் கையுறையிலிருந்து
வலது கட்டைவிரலை வெட்டி எடுத்தேன்.
அன்றிரவு சூப்பர்வைசர் பார்ப்பதற்குள்
வேறு ஜோடி வாங்க மறந்துபோய்
பனிக்கட்டித் தொட்டிக்குள்
அந்த ஒரு விரல் மட்டும் விடியும்வரை
எனக்கு இல்லவே இல்லை.

காலையில் வந்து பார்த்தால்
மூடியைக் கத்தியால் சீவியிருக்கிறான்.
பக்கத்தில் ஒரு துண்டு டேப்,
பால்பாயிண்ட் பேனாவில்:
"ரெண்டு மில்லி அதிகம்."
அதன் கீழே,
"பால் வாங்கு."