தொண்ணூற்றேழு சென்ட்

பதிவேட்டில் ஒரு ஏக்கர் நாலு சென்ட்.
என் சங்கிலிக்குத் தொண்ணூற்றேழுதான் அகப்படுகிறது.
மூன்று தடவை அளந்தாயிற்று.
"பார்க்கு மெலிஞ்சு போச்சு சார்" என்கிறாள் ரெஜிலா,
பழபஜ்ஜி எண்ணெய் படாமல்
நோட்டை முழங்கையால் இடுக்கிக்கொண்டு.

வடக்கே பேருந்து நிலையம்.
களியக்காவிளை களியக்காவிளை என்ற கூவல்
வாகைமரத்து உச்சி வரை ஏறும்,
அங்கிருந்து காக்கைகள் திருப்பி அனுப்பும்.
தெற்கே தொலைபேசி அலுவலகம், இப்போது பாதி பூட்டியது.
கிழக்கே இரண்டு நகைக்கடைகளின் முதுகு.
ஏ.சி. பெட்டி சொட்டுகிற இடத்தில் மட்டும்
கோடையிலும் சேம்பு தழைக்கிறது.
மேற்கே சானல், அப்பால் ரப்பர் மேடு,
அதற்கும் அப்பால் இடவப்பாதி மழை புறப்படும் திக்கு.
ஐப்பசி மழை நகைக்கடைப் பக்கமாக வரும்.
இரண்டும் வந்து இறங்குவது இங்கேதான்.
சோற்றுத்தட்டு மாதிரி
தரை நடுவில் ஒரு முழம் தாழ்ந்திருக்கிறது.
ஏன் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை,
அல்லது சொல்லியிருக்கிறது, மலையாளத்தில்.

கொல்லம் ஆண்டு 1087. பூச்சி தின்ற ஓரம்.
வட்டவட்டமாய் எழுத்து.
அலுவலகத்தில் வாசிக்க ஆளில்லை.
திருவனந்தபுரம் பஸ் நிற்கிற எட்டு நிமிஷத்தில்
ஸ்டியரிங் மேல் விரித்து வைத்து
டிரைவர் சுகதன் வாசித்தார்:
"குளம். சர்க்கார் வக.
கரையும் சேர்த்து ஒரு ஏக்கர் நாலு சென்ட்."
பிறகு என்னைப் பார்த்து,
"சாரே, இது பார்க்கல்லல்லோ."
டபுள் பெல். பஸ் போய்விட்டது.

கரை.
அந்த ஏழு சென்டில் தங்கம் விற்கிறார்கள்.

மற்றதெல்லாம் அங்குமிங்கும் கேட்டுச் சேர்த்தது.
யானைக்கால் கொசுவுக்குப் பயந்து தூர்த்தார்களாம்.
ரோட்டுக்காக மலையை வெட்டிய செம்மண்,
கணக்கில் நானூறு வண்டி;
கணக்கில் வராதவை
கணக்கர் மாதேவன் பிள்ளையின் வீட்டு அஸ்திவாரத்தில்.
குரோட்டன்ஸ் வந்தது.
போலீஸ் பேண்டு வாசிக்க எட்டுமூலை மேடை வந்தது.
'பூ பறிக்கருது' என்று பலகை வந்தது.
ஐம்பத்தாறில் எல்லை நகர்ந்ததும்
அதே பலகைக்கு வெள்ளையடித்து
'பூ பறிக்காதீர்' என்று எழுதினார்கள்.
சனங்கள் இரண்டு மொழியிலும் பறித்தார்கள்.
மேடையில் பிறகு பேண்டு இல்லை.
தேர்தலுக்குத் தேர்தல் மைக், இடையில் ஆடுகள்,
ஒருமுறை, சம்பளம் கிடைக்காத சர்க்கஸ்காரர்கள்
பதினோரு நாள்.

இனி இரண்டடுக்குக் கார் நிறுத்தம்.
அதற்குத்தான் இந்தச் சங்கிலி.

மூன்றரைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.
மேலிருந்து விழுந்ததைவிடக்
கீழிருந்து ஏறியதுதான் அதிகம் என்று எனக்குப்பட்டது.
முதலில் ஊஞ்சலடிப் பள்ளம்,
பிறகு சறுக்குமரத்தின் நாக்கு,
பிறகு தட்டின் விளிம்பு. அங்கே நின்றது,
என்னைவிட நன்றாக அளக்கத் தெரிந்ததுபோல.
சிமெண்ட் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த
லோடு ஏற்றுகிற டெல்லஸ்
கண் திறக்காமல் காலை மேலே இழுத்துக்கொண்டான்.
எங்கிருந்தோ ஒரு தவளை.
பிறகு குறைந்தது நூறு.

மேடைமேல் ஒதுங்கி நின்றோம்,
நானும் ரெஜிலாவும் சங்கிலியும்.
"நிலத்தின் தன்மைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு சார்.
பூங்கான்னு போடட்டா?"

பூங்கா என்றால் மன்றத் தீர்மானம் இருக்கிறது.
குளம் என்றால் கோர்ட்டு இருக்கிறது,
சேர்மனின் மைத்துனர் இருக்கிறார்,
வால்பாறைக்கு ஒரு மாறுதல் உத்தரவு
எந்த மேஜையிலோ இருக்கிறது.
இரண்டும் மூன்றெழுத்துதான்.

பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.
காகிதம் ஈரம்.
நடு எழுத்தின் சுழியில்
மை தேங்கி நின்றது.